ஆலோசகர் கடன்

ஆலோசனை கூறுதல் இன்று பெருந்தொழிலாகிவிட்டது. 1926இல் கணக்கியற் பேராசிரியர் ஜேம்ஸ் மக்கின்சி சிக்காகோவிலே தொடங்கிய நிறுவனம் அதில் முன்னிற்பது. இத்தொழிலை நாடும் மாணவர் நேர்முகப் பரீட்சைக்கென ஒரு பயிற்சியை மேற்கொள்வர். கம்பனியொன்றின் இலாபம் குன்றியது. காரணம் யாது, பரிகாரம் யாது என்பதை அரைமணி நேரத்துள் பகுத்துரைத்தல் வேண்டும். சிந்தனையை ஒழுங்குபடுத்தும் பயிற்சியே இது, கலைப்பீடத்தார் இகழ்தற்கில்லை.

ஆயின் திறமை மட்டும் போதுமா? ஒக்ஸிகொன்டின் என்னும் வலிநீக்கியின் அடிமைப்படுத்தும் இயல்பைக் குறைத்துக்காட்டி விற்ற குற்றத்தைப் பர்டியூ என்னும் அமெரிக்க மருந்துக் கம்பனி 2007இல் ஒப்புக்கொண்டது. அதன் பின்னரும், 2013இல், அதே மருந்தின் விற்பனையைப் பெருக்க மக்கின்சி வழி கூறியது: அம்மருந்தை மிகுதியாக எழுதிக்கொடுக்கும் வைத்தியரை விற்பனையாளர் மேலும் நாடுக என்பது. 2024இல் அந்நிறுவனம் 650 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. விடை கணக்கிற் பிழையன்று; வினாவே பிழை.

முடிவு செய்பவர் வேறு, ஆலோசகர் வேறு என்பர் சிலர். அரசன் கேளாவிடினும் உறுதி கூறல் அமைச்சன் கடன் என்பது வள்ளுவர் கருத்து. அவ்வமைச்சன் அந்நாட்டிலேயே வாழ்ந்தவன். நாடு கெடின் தானும் கெடுவான். இன்றைய ஆலோசகரோ சில திங்களில் அடுத்த கம்பனிக்குச் சென்றுவிடுகிறார். விளைவை அவர் காண்பதில்லை.

எனவே மாதிரி வினாவுக்கு விடைகண்ட மாணவர், அவ்விடையால் வேலையிழப்பவர் எதிரே அமர்ந்திருப்பதாகக் கொண்டு அதனை மீண்டும் சொல்லிப் பழகுதல் நன்று. நண்பரொருவரை எதிரே இருத்தி நான் முயன்றேன். அரைமணி நேரம் போதவில்லை.