டிரிப் ஷீட்டில் எழுதாத கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணி. திருத்தணி போய்வந்த கம்பெனி கார் அண்ணா நகரில் ஒரு அடுக்ககத்தின் வாசலில் நிற்கிறது. பிரசாதப் பை, தண்ணீர் பாட்டில், தூங்கிப்போன குழந்தை எல்லாம் இறங்கியாயிற்று. டிரைவர் ஓடோமீட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, அட்டையில் சொருகிய தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார்: "சார், இன்னைக்கு என்ன எழுதட்டும்?"

இதற்கு வழக்கத்தில் மூன்று பதில்கள் உண்டு. "ஃபேக்டரின்னு போட்டுக்கோப்பா." "நாளைக்குப் பார்த்துக்கலாம்." மூன்றாவது, காதில் விழாததுபோல் லிஃப்ட்டைப் பார்த்து நடப்பது. அந்த மூன்றாவது பதிலுக்கும் டிரைவருக்குப் பொருள் தெரியும்.

அறநூல்கள் பேசும் பெரும் குற்றங்களோடு வைத்துப் பார்த்தால் இது தூசு. ஆனால் கொலைக்கும் கொள்ளைக்கும் வாய்ப்பு வாய்க்காமலே பெரும்பாலோர் வாழ்ந்து முடித்துவிடுகிறோம். அட்டையில் சொருகிய தாள் தினமும் வருகிறது.

கம்பெனி கார் புதிதாக வந்த முதல் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை வைத்து நசுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, கோயில் வாசலில் ஒரு சுற்று. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற யாருக்கும் மனம் வராது. உள்ளே முறுக்கு தின்னக்கூடாது என்று குழந்தைகளுக்குச் சட்டம். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது நிறுவனத்தின் பெயரோ குத்தகைக்கு விட்ட நிதி நிறுவனத்தின் பெயரோதான். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் "உங்க புது வண்டி நல்லாருக்கு" என்கிறார்; குழந்தை பள்ளியில் "எங்க கார்" என்று சொல்லிவிட்டு வருகிறது. அதைத் திருத்த யாரும் முனைவதில்லை. திருத்தவும் வேண்டாம். உடைமை இல்லாத இடத்தில் உடைமையுணர்வு வருவது மனித இயல்பு. வாடகை வீட்டு வாசலில் கோலம் போடுகிறவர்கள் நாம். அந்த உணர்வு இருப்பதால்தான் காரைத் துடைக்கிறார்கள், பள்ளத்தில் மெதுவாக இறக்குகிறார்கள்.

சிக்கல், உடைமையுணர்வு வரும்போது உடைமையின் செலவு கூடவே வராததில் இருக்கிறது. பெட்ரோல் கார்டு நிறுவனத்தினுடையது. டயர் தேய்ந்தால் நிறுவனம் மாற்றும். பம்பரில் கீறினால் இன்சூரன்ஸ். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது.

ஐரோப்பாவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடுகிற பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டால் அன்றாட ஓட்டத்தில் பெரும்பகுதியை மின்சாரத்திலேயே ஓடிவிடும். தூய போக்குவரத்துக்கான சர்வதேச மன்றமான ஐ.சி.சி.டி. 2022-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சொந்தக் காசில் வாங்கியவர்கள் ஓட்டிய தூரத்தில் 45 முதல் 49 விழுக்காடு மின்சாரத்தில் ஓடியது. கம்பெனி கார்களில் அது 11 முதல் 15 விழுக்காடுதான். காரும் சாலையும் ஒரே தரம்தான். கம்பெனி காரை ஓட்டுகிறவர் வீட்டு மின்சாரத்துக்குத் தன் காசைக் கொடுக்க வேண்டும், பெட்ரோலுக்கு நிறுவனத்தின் கார்டை நீட்டினால் போதும். சுற்றுச்சூழலின் பெயரால் வரிச்சலுகை வாங்கிய கார்கள் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு ஓடின. அவற்றை ஓட்டியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல முடியுமா? ஒருவர்கூடத் தன்னைத் திருடன் என்று நினைத்திருக்கமாட்டார். வயரை எடுத்துச் சொருகச் சோம்பல், அவ்வளவுதான். செலவு வேறொருவர் தலையில் என்றால் சோம்பலுக்கு எவ்வளவு நீளமான கை முளைக்கிறது என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

பிரிட்டனில் இதைவிட வேடிக்கையான ஒரு காலம் இருந்தது. 1994-லிருந்து அங்கே கம்பெனி காருக்கான வரி, காரின் விலையை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஆண்டுக்கு 2,500 மைல் அலுவலுக்காக ஓட்டினால் வரியில் குறைப்பு. 18,000 மைல், அதாவது சுமார் 29,000 கிலோமீட்டர் ஓட்டினால் இன்னும் பெரிய குறைப்பு. விளைவு என்ன? நிதியாண்டு முடியும் வேளையில் மைல் குறைகிறவர்கள் தேவையில்லாத ஊர்களுக்கெல்லாம் அலுவல் கண்டுபிடித்தார்கள். தொலைபேசியில் முடிகிற பேச்சுக்கு நூறு மைல் ஓட்டினார்கள். அவர்கள் பதிவேட்டில் ஒரு பொய்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: போனதாக எழுதிய இடத்துக்கு உண்மையாகவே போனார்கள். பொய்யை எழுதுவதற்குப் பதில் பொய்யை ஓட்டினார்கள். 2002 ஏப்ரலில் அந்த முறையை எடுத்துவிட்டு, கார் கக்கும் கரியமில வாயுவை வைத்து வரி போட ஆரம்பித்த பிறகே இந்த யாத்திரைகள் நின்றன.

நம் ஊரில் விதி வேறு மாதிரி. வருமானவரி விதிகளில் 2009-ல் வகுத்து ஒன்றரைப் பத்தாண்டுக்கு மேல் நின்ற கணக்கு இது: எஞ்சின் 1.6 லிட்டருக்குள் இருந்து, செலவு முழுவதும் நிறுவனமே ஏற்று, கார் அலுவலுக்கும் சொந்தத்துக்கும் கலந்து ஓடினால் ஊழியரின் வருமானத்தில் மாதம் 1,800 ரூபாய் சேர்ந்தது. டிரைவரையும் கொடுத்தால் இன்னொரு 900. முழுக்க முழுக்க அலுவலுக்கே ஓடுகிறது என்றால் எதுவும் சேராது; ஆனால் அதற்கு ஒவ்வொரு பயணத்தின் தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு எல்லாம் எழுதிய பதிவேடும் நிறுவனத்தின் சான்றும் வேண்டும்.

கூட்டிப் பார்ப்போம். அந்தக் கணக்கில் மாதம் 2,700 என்றால் ஆண்டுக்கு 32,400. முப்பது விழுக்காட்டு வரிப்படியில் இருக்கிறவருக்கு வரியும் 4 விழுக்காட்டு செஸ்ஸும் சேர்த்து ஏறக்குறைய 10,100 ரூபாய். சொந்த உபயோகம் உண்டு என்று ஒப்புக்கொள்வதன் ஆண்டு விலை அவ்வளவுதான் இருந்தது. குடும்பத்தோடு நான்கைந்து முறை நல்ல ஓட்டலில் சாப்பிட்டால் தீர்கிற தொகை. பெட்ரோல், டயர், டிரைவர் எல்லாம் சேர்ந்த பயனுக்கு மாதம் 2,700 என்று மதிப்புப் போட்டதிலேயே அரசு பாதிக் கண்ணை மூடிக்கொண்டுவிட்டது. மீதிப் பாதியையும் மூடச் சொல்லித்தான் திருத்தணி, "ஃபேக்டரி" ஆகிறது.

இங்கே எதிர்வாதத்துக்கு நியாயமான இடம் கொடுக்க வேண்டும். அது பலவீனமான வாதம் அல்ல. திருத்தணி போய்வந்த அந்தக் காரில் இருந்த மேலாளரின் கைப்பேசி ஞாயிறு மதியமும் அடித்தது. திருத்தணி மலைப்படியில் நின்றுகொண்டு இருபது நிமிடம் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் நின்றுபோன லைனைப் பற்றிப் பேசினார். நிறுவனம் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுமதி கேட்காமல் வந்துபோகிறது. நிறுவனத்தின் கார் மட்டும் ஏன் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக்குள் வரக்கூடாது? சம்பளம் பேசும்போதே கார் ஒரு பகுதி என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்?

வரலாம். கோயிலுக்குப் போனதில் தவறே இல்லை. பல நிறுவனங்களின் விதியே அதை அனுமதிக்கிறது. ஆனால் அவ்வளவு நியாயமான பயணத்தை அப்படியே எழுதுவதற்கு என்ன தடை? நியாயம் என்று நம்புகிறவர் "திருத்தணி, சொந்த வேலை, 170 கி.மீ." என்று எழுதச் சொல்லலாமே. எழுதத் தயங்கும்போது, கணக்கு நேராகிவிட்டது என்று தனக்குச் சொல்லிக்கொண்டதை அவரே முழுதாக நம்பவில்லை என்று தெரிகிறது. நிறுவனம் தன் நேரத்தைத் தின்கிறது என்றால் அது எச்.ஆர். மேசையில் பேச வேண்டிய வழக்கு. அந்த வழக்குக்குத் தானே நீதிபதியாகி, தானே தீர்ப்பெழுதி, தீர்ப்புத் தொகையைப் பெட்ரோல் பங்க்கில் வசூலித்துக்கொள்வது வேறு. இப்படி வசூலிக்கிறவர்கள் எவ்வளவு வசூலித்தார்கள் என்று ஒருபோதும் கூட்டிப் பார்ப்பதில்லை.

கூட்டிப் பார்க்கும் சந்தர்ப்பங்களும் குறைந்துவருகின்றன. முன்பெல்லாம் பரனூர் சுங்கச்சாவடியில் கண்ணாடியை இறக்கி, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்ட வேண்டும். ரசீது கையில் வரும். அதைக் கம்பெனி பில்லோடு சேர்ப்பதா, கசக்கி எறிவதா என்று ஒரு கணமாவது யோசித்தே தீரவேண்டும். அந்த ஒரு கணம் ஒரு காவலாளி. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு தடுப்புக்கட்டை தானாக எழுகிறது. நிறுவனத்தின் கணக்கில் பணம் தானாகக் கழிகிறது. பொங்கலுக்குத் திருநெல்வேலி வரைக்கும் 600 கிலோமீட்டருக்கு மேல் போனாலும் ஒரு சாவடியிலும் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. சபலத்தை எதிர்த்துப் போராடித் தோற்றவரிடமாவது போராட்டம் ஒன்று நடந்தது. இங்கே சபலம் வந்துபோனதே தெரியவில்லை.

நிறுவனங்களும் சும்மா இல்லை. வண்டிக்குள் ஜி.பி.எஸ். கருவி வைத்திருக்கிறார்கள், எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, பிரேக் எவ்வளவு அழுத்தமாக விழுந்தது என்று எல்லாம் தெரியும். கருவி பொய்யைக் குறைக்கும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சொந்த உபயோகத்துக்கும் சேர்த்துக் கொடுத்த காரில், ஞாயிறு மாலை எந்த மருத்துவமனை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றது என்று அலுவலகத்தில் ஒருவர் திரையில் பார்க்கலாம் என்றால், அந்தக் கார் கொடையா, கயிறா? வேலை நேரத்துக்குப் பிறகு கண்காணிப்பை அணைத்துவைக்கும் பொத்தான் உள்ள கருவிகளும் இருக்கின்றன. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கும் நிறுவனம், கிலோமீட்டரை நேர்மையாக எழுது என்று ஊழியரிடம் கேட்கும் தகுதியையும் சேர்த்து வாங்குகிறது.

ஆனால் கண்காணிப்புக் கருவி பார்க்காத ஒரு விஷயம் காரின் முன் இருக்கையிலேயே இருக்கிறது. டிரிப் ஷீட்டை எழுதுவது மேலாளரின் கை இல்லை. டிரைவர் பெரும்பாலும் நிறுவனத்தின் ஆள்கூட இல்லை. ஏதோ ஒரு கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள். விடியற்காலை ஆறு மணிக்குத் தன் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்து, காரை வெளியே எடுத்து, கார் நின்ற இடத்தில் எக்ஸெல்லை நிறுத்துகிறவர். மேலாளர் தன் மனசாட்சியோடு செய்துகொண்ட சமரசத்தை டிரைவரின் கையெழுத்தில் வைக்கிறார். நாளைக்குத் தணிக்கை வந்து, ஞாயிற்றுக்கிழமை வண்டி ஆலைக்கே வரவில்லையே என்று கேட்டால், முதலில் விளக்கம் சொல்ல வேண்டியவர் டிரைவர். "சார்தான் எழுதச் சொன்னாரு" என்று அவரால் சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் கான்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்புவார்.

இன்னொன்று. பயணம் "ஃபேக்டரி" என்று எழுதப்பட்டால் வழக்கமான நாளின் கணக்கு. வெளியூர் என்று எழுதினால்தான் டிரைவருக்குப் பேட்டா உண்டு. இரவு தங்கினால் ஹால்ட் பேட்டா. பொய்யான ஒரு சொல்லுக்காக அவருடைய பேட்டா போகிறது. பெருந்தன்மையுள்ள மேலாளர் பையிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்து நீட்டுவார், அதை இரக்கம் என்றும் நினைத்துக்கொள்வார். தாளில் உண்மை இருந்திருந்தால் அந்த இருநூறு டிரைவர் கேட்டு வாங்கக்கூடிய கூலி. இப்போது அது இனாமாகிவிட்டது, வாங்கிக்கொண்டு சிரிக்கவும் வேண்டியிருக்கிறது. கம்பெனி கார் பற்றிய அறக்கேள்வியில் பெட்ரோலும் வரியும் சில்லறை விவகாரம். கனமான பகுதி இதுதான். தனக்கு மேலே இருக்கிற நிறுவனத்தை ஏமாற்றுவதாக நினைக்கிறவர், உண்மையில் தனக்குக் கீழே இருக்கிறவரிடமிருந்துதான் எடுக்கிறார்.

காத்திருப்பும் அப்படியே. கல்யாண மண்டப வாசலில் மூன்று மணி நேரம் நின்ற கார் ஒரு கிலோமீட்டரும் ஓடுவதில்லை. எந்தத் தாளிலும் அது வராது. பந்தியில் கூட்டம் குறைந்ததும் டிரைவர் சாப்பிட்டாரா என்று யாருக்காவது நினைவு வந்தால் உண்டு.

இதையெல்லாம் ஒருவர் யோசித்துவிட்டு, அடுத்த ஞாயிறு இரவு அதே வாசலில், அதே கேள்விக்கு, "திருத்தணி, சொந்த வேலைன்னே எழுதுப்பா" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் பேனாவைத் திறந்து தாளைப் பார்க்கிறார். தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தொடக்க மீட்டர், முடிவு மீட்டர், அலுவல் விவரம், கையெழுத்து. சொந்த வேலைக்கென்று அதில் கட்டமே இல்லை. அச்சடிக்கும்போதே நிறுவனம் ஒன்றை முடிவு செய்துவிட்டிருக்கிறது. டிரைவர் சற்று யோசித்துவிட்டு, தாளைத் திருப்பி, பின்பக்க வெள்ளையில் எழுதத் தொடங்குகிறார்.