காவல் நிற்பவனின் ஈட்டி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வின்னபேகோ என்றொரு ஏரி. பிப்ரவரியில் உறைந்து கிடக்கும் அதன்மேல் சிறு கொட்டகைகள் முளைக்கும். உள்ளே இருட்டு. பனிக்கட்டியை அறுத்துத் திறந்த ஓட்டையில் மரத்தாலான பொய்மீனைத் தொங்கவிட்டு, ஸ்டர்ஜன் மீனுக்காக ஈட்டியோடு காத்திருப்பார்கள். அதிகபட்சம் 16 நாள். ஆளுக்கு ஒரு மீன்.

பெண் ஸ்டர்ஜன் முதன்முதலாக முட்டையிடவே இருபது வருடத்துக்கு மேல் ஆகும். குத்துவதோ நொடி வேலை. இதுல என்ன பெருமை?

ஆனால் ஏப்ரல் வந்தால், முட்டையிட உல்ஃப் ஆற்றில் ஏறிவரும் அதே மீனைக் கள்ளவேட்டைக்காரர்களிடமிருந்து காக்க, ஊர்க்காரர்கள் கரையில் இரவெல்லாம் காவல் நிற்கிறார்கள். 1977இல் ஈட்டிக்காரர்கள் தொடங்கிய அமைப்பொன்று மீன் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டித் தருகிறது.

"அடுத்த வருசம் குத்தத்தானே காப்பாத்துறாங்க?" ஆமாம். இனம் பிழைக்கிறது என்பது, குத்துப்பட்ட ஒற்றை மீனுக்கு ஆறுதலும் இல்லை. காவல் கொலையைக் கழுவிவிடாது.

இருந்தாலும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்டர்ஜனைப் புனிதமாகக் கருதும் மெனோமினி பழங்குடியினரின் நிலத்துக்கு, கெஷீனா அருவி வரை, இந்த மீன் ஒருகாலத்தில் வசந்தம்தோறும் வந்தது. ஆற்றில் கட்டிய அணைகள் அந்த வரவை நூறு வருடம் நிறுத்திவிட்டன. அதற்கு ஈட்டி தேவைப்படவில்லை. மீன்மேல் கோபமும் தேவைப்படவில்லை. அதை மறந்தாலே போதுமாயிருந்தது.

ஈட்டிக்காரனால் மறக்க முடியாது. தான் கொல்வது எது, அது வளர எத்தனை வருடம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவனை நல்லவன் என்று நான் சொல்லவில்லை. "என் கையில ரத்தம் இல்லை" என்கிற நம் நிம்மதியைத்தான் சந்தேகிக்கிறேன்.