மிதித்தால் நகருமா?

பட்டினப்பாக்கம் கடற்கரை மணலில் உங்கள் ஜீப் சிக்கிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? ஆக்ஸிலேட்டரை மிதிப்பீர்கள். சக்கரம் சுழலும், வண்டி நகராது. மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். விவரம் தெரிந்தவர் இறங்கி, டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவார். டயர் அகலமாகப் பதிந்து, வண்டி மெள்ள மேலேறும்.

கரடுமுரடான பாதைக்கு வண்டியைத் தயார்செய்கிறவர்களிடம் ஓயாத வழக்கு இது: காசை இன்ஜினில் போடுவதா, ஆக்ஸிலிலும் டயரிலுமா? 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸிக்கு வெறும் 45 குதிரைத்திறன்தான். நம் ராணுவமே அதை மலையிலும் பாலைவனத்திலும் ஓட்டியது. காரணம், குறைந்த எடை, நாலு சக்கரத்துக்கும் போகும் விசை. பழைய ஆக்ஸிலோடு பெரிய இன்ஜினைப் பூட்டினால், முறிந்து நிற்பது பெரும்பாலும் ஆக்ஸில்தான்.

பிள்ளைகளிடமும் இதைத்தானே செய்கிறோம்? கணக்கில் மார்க் குறைந்தால் இன்னொரு டியூஷன். அலாரம் ஒரு மணி நேரம் முன்னால். 'உழைப்பு போதலை' என்று தீர்ப்பு வேறு! எங்கே பிடி நழுவியது என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

உழைப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடு ஏற இன்ஜின் வேணும். ஆனால், தரையைத் தொடுவது அது இல்லையே! அடுத்த ரேங்க் கார்டு வரும்போது, திட்டுறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்த இடத்துலப்பா உனக்குப் புரியாமப் போச்சு?"