பிடித்துக்கொண்ட என்ஜின்

தம்பி, நீ பிரித்துப் புதுப்பித்த ஆயில் என்ஜின் மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டது. நாற்றங்கால் வெடிப்பு விடுகிறது. வரப்பில் நிற்பவர் உன் கை ராசியைப் பேசுகிறார். 'இந்தத் தொழில் எனக்கு வராது' என்று ஸ்பானரை எறிந்துவிட்டாய். எடு அதை! என்ஜின் நின்ற காரணம் அந்த இரும்புக்குள்ளேயே எழுதிக் கிடக்கிறது. உன்னை விட்டால் அதைப் படிக்க அந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

1893 ஆகஸ்ட் 10. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம். ருடால்ஃப் டீசல் தன் முதல் என்ஜினைச் சோதித்தபோது, அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. என்ஜின் தன் பலத்தில் ஓடவேயில்லை. அவர் அதைப் பிரித்தார், மாற்றினார், மறுபடி பூட்டினார். 1894 பிப்ரவரி 17 அன்று அது தானாக ஓடியது, ஏறத்தாழ ஒரு நிமிடம்! உலகம் ஒப்புக்கொள்ளும் என்ஜின் வந்ததோ 1897-இல். அந்த டீசலின் பெயரைத் தினமும் கேனில் ஊற்றுகிற நீ, மூன்று நாளில் சோர்ந்துபோவதா?

வா, விசாரிப்போம். பிடிப்பதற்கு முன் என்ன புகை விட்டது? கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது சுமை மீறியிருக்கிறது. நீலம் என்றால் ஆயில் எரிந்திருக்கிறது. ரிங்கைத் தலைகீழாகப் போட்டாயா என்று பார். பம்புத் தண்ணீரில் ஒரு பங்கு என்ஜினைக் குளிர்விக்கப் போகிறதே, அந்தச் சின்னக் குழாயில் சேறு அடைத்ததா? காவிரி மண் வளமானதுதான், குழாய்க்குள் அது எமன். பிஸ்டனைச் சுற்றிலும் கீறல் இருந்தால் சூடு ஏறியிருக்கலாம், அல்லது லைனருக்கும் அதற்கும் இடைவெளி குறைவு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்ததா என்று சந்தேகப்படு. பேரிங் கருநீலமாகியிருந்தால் அங்கே ஆயில் போய்ச் சேரவில்லை. ரிங்கின் இரு முனையும் பளபளத்தால், சூட்டில் அது நீளக்கூட நீ இடம் விடவில்லை. இதில் எதையும் ஊகத்தால் முடிவு செய்யாதே. ஊகத்தில் பாகம் மாற்றுகிறவனுக்குத்தான் பயம் போகாது. அளந்தவன் கை நடுங்காது, நான் சத்தியமாகச் சொல்கிறேன்.

உன் வேலையைச் சின்னதென்று நினைக்காதே. மேட்டூர் அணை 1934-இல் எழுந்தது. அங்கிருந்து ஜூன் 12-இல் திறக்க வேண்டிய தண்ணீர் தவறிய ஆண்டுகளில், ஃபில்டர் பாயிண்ட் குழாய்க் கிணற்றில் இறைத்த என்ஜின்தானே குறுவை நெல்லைக் காத்தது? 2018 நவம்பர் 16 கஜா புயலை மறந்தாயா? மின்கம்பங்கள் சாய்ந்து ஊர் ஊராக இருண்டபோது, குடிக்கிற தண்ணீரையே டீசல் என்ஜின் வைத்து இறைத்தோம். கிரீஸ் படிந்த இந்தக் கைகளைத்தான் அன்று ஊர் தேடியது.

எழுந்திரு. ஹெட்டை இறக்கு. நட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே பலகையில் அடுக்கு. பிஸ்டனை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடி, துடைத்துவிடாதே, கறையும் சாட்சிதான். ஒரு ரிங்கை லைனருக்குள் நேராக இறக்கி, அதன் இரு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜைச் செருகு.

எவ்வளவு காட்டுகிறது, சொல்.