தன்னை அறிதலை அளக்க முடியுமா?

"நீ யார்?" என்று சிறு பிள்ளையைக் கேட்டால் பெயரைச் சொல்லும். அதே கேள்வியைப் பதினாறு வயதில் கேட்டால் பதில் இலகுவில் வராது. கட்டிளமைப் பருவத்தின் இத்தடுமாற்றத்தை 'அடையாள நெருக்கடி' எனக் கூறியவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். 1902 இல் ஜேர்மனியில் பிறந்த அவர், பெற்ற தகப்பன் யாரென அறியாமலே வளர்ந்தவர். வளர்ப்புத் தகப்பனின் பெயரைத் தாங்கியிருந்து, 1939 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். இதைப்பற்றி எழுத அவரிலும் தகுதியானவர் யார்?

பின்வந்தோர் இத்தெளிவை அளக்கவும் முற்பட்டனர். கனடாவில் ஜெனிபர் கம்பெல் என்பவரும் சகாக்களும் 1996 இல் வெளியிட்ட வினாக்கொத்தில் 12 கூற்றுக்கள் உள்ளன. தன்னைப்பற்றிய எண்ணம் நாளுக்குநாள் மாறுகின்றதா, ஓர் எண்ணத்தோடு மற்றையது முரண்படுகின்றதா என்ற பாங்கில் அவை அமையும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. பத்துக் கூற்றுக்கள் குழப்பத்தையே கூறுவன. அவற்றை மறுப்பவருக்குத்தான் கூடிய புள்ளி. ஆகக் கூடியது 60. குறைந்த புள்ளி பெறுவோரிடம் மனக்கவலை கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

ஆனால் இவ்வினாக்கொத்து அளப்பது பிள்ளையின் உறுதியை மட்டுமே. அவ்வுறுதி எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. 1966 இல் ஜேம்ஸ் மார்சியா என்பவர் மாணவரை நேரில் வினவி நான்கு நிலைகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று, தானாக எதையும் தேடாமல் பெற்றோரின் முடிவைத் தன் முடிவாக ஏற்றுக்கொண்ட நிலை. இன்னொன்று, தேடிக்கொண்டே இருக்கும் நிலை. முதலாமவன் தெளிவாகப் பேசுவான், இரண்டாமவன் தடுமாறுவான். இவர்களுள் தன்னை அறியும் வழியில் நிற்பவன் எவன்?

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் கணிதமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா என்ற கேள்வி எழுகின்றது. பல வீடுகளில் பிள்ளைக்கு முன்பே விடை ஆயத்தமாகிவிடும். "டொக்டராக வருவேன்" என்று பிள்ளை தயங்காமல் சொன்னால் ஊர் மெச்சும். அத்தெளிவு தகப்பனுடையதாகவும் இருக்கலாம். அதற்காகப் பிள்ளையைக் குழப்பத்தில் தனியே விடுவதும் அன்பாகாது. குழப்பம் உண்மையாகவே நோகும். ஆராய்ந்து பார்த்தபின் தகப்பனின் வழியையே ஒரு பிள்ளை தெரிந்தெடுத்தால், அது அப்பிள்ளையின் சொந்த முடிவே. ஆராய்வதற்குச் சில மாதங்கள் செல்லக்கூடும். அம்மாதங்களைக் கொடுக்கத்தான் பெரியவர்களுக்கு மனம் வருவதில்லை. தேர்முட்டியடியில் யாராவது "தம்பி என்ன படிக்கிறார்?" என்று கேட்டால், பிள்ளை வாய் திறக்குமுன் தாய் பதில் சொல்லிவிடுகின்றார்.