இடக்கைக்கு இடக்கை

வட ஜெர்மனியில் டிசம்பர் மாதம் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். திறந்தவெளி மைதானத்தில் மண் உறைந்து கல்லாகிவிடுவதால் அங்கே குதிரையை ஓட்டினால் அதன் கால்களுக்குத்தான் கேடு. கோடையில் காட்டுப்பாதை, புல்வெளி, மைதானம் என்று பிரிந்து போயிருந்த சவாரிக்காரர்கள் எல்லாரும் வேலை முடிந்த கையோடு ஒரே கூரையின்கீழ் வந்து சேருவார்கள். அந்தச் சவாரிக் கூடம் பெரும்பாலும் 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் கொண்டது. ஒருவருக்கு அது தாராளம். எட்டுப் பேர் வந்துவிட்டால் ஆளுக்கு நூறு சதுர மீட்டர். பாய்ந்து வரும் குதிரை அதைக் கடக்கச் சில நொடி போதும்.

இப்படிக் கூடும் எட்டுப் பேருக்கும் எட்டு விருப்பங்கள். ஒருத்திக்குப் பாய்ச்சல் பழக வேண்டும், ஒருவருக்கு நொண்டி குணமான கிழக்குதிரையை மெல்ல நடத்த வேண்டும், இன்னொருவருக்கு முதல்முறை சேணம் போட்ட குட்டியைப் பழக்க வேண்டும். எல்லாரும் பணம் கட்டியவர்கள். உரிமையில் ஏற்றத்தாழ்வு இல்லை. அப்படியானால் இருவர் வழி குறுக்கிடும்போது யார் விலகுவது, எதனால்? அறவியலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று இது.

ஜெர்மானியக் கூடங்கள் இதற்கு வாசலிலேயே பதில் சொல்லத் தொடங்கிவிடுகின்றன. வெளியே குதிரையைப் பிடித்தபடி நிற்பவர் முதலில் குரல் கொடுக்க வேண்டும்: “கதவு காலியா?” உள்ளிருப்பவர்களில் ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு “காலிதான்” என்ற பிறகே கதவு திறக்கும். பதில் வராவிட்டால் குளிரில் நிற்க வேண்டியதுதான். திடீரென்று திறக்கும் கதவு, அதையொட்டிப் பாய்ந்து வரும் குதிரையை மிரட்டிவிடும். உள்ளே நுழைந்தவர் ஏறுவதும் இறங்குவதும் நடுப்பகுதியில்தான். முன்னே போகும் குதிரைக்குப் பின்னால் குறைந்தது ஒரு குதிரை நீளம் இடைவெளி விட வேண்டும்.

மற்ற விதிகளை உற்றுப் பார்த்தால் அவை இரண்டு சாதி என்று தெரியும். எதிரெதிரே வரும் இருவர் இடக்கைக்கு இடக்கை கடக்க வேண்டும் என்பது ஒரு சாதி. இடப்பக்கமாகத் திரும்பிச் சுற்றுபவருக்குச் சுவரோரத் தடம். வலப்பக்கமாகச் சுற்றுபவர் உள்ளே ஒதுங்க வேண்டும். இதில் நியாயம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. வலக்கைக்கு வலக்கை என்று வைத்திருந்தாலும் காரியம் நடக்கும்; எல்லாரும் ஒன்றையே பின்பற்றினால் சரி. ஆனால், மெல்ல நடப்பவர் தடத்தை விட்டு விலகி, துள்ளோட்டத்திலும் பாய்ச்சலிலும் வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது அப்படிப்பட்டதன்று. வட்டம் போடுபவர் கூடம் முழுவதையும் சுற்றுபவருக்கு விலக வேண்டும் என்பதும் அப்படித்தான். வட்டத்தைச் சுருக்கிக்கொள்ள முடியும், சுவரை ஒட்டி வருபவர் சுவருக்குள் போக முடியாது. யாருக்கு விலகுவது எளிதோ அவரே விலக வேண்டும் என்ற நீதி இதில் இருக்கிறது.

கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட், 1797-இல் வெளியிட்ட ‘அறநெறிகளின் மெய்ப்பொருளியல்’ நூலில் உரிமை என்பதற்குக் கொடுத்த விளக்கம் ஏறத்தாழ இந்தக் கூடத்துக்கே எழுதியதுபோல் இருக்கும். ஒருவர் விருப்பம் இன்னொருவர் விருப்பத்தோடு பொதுவானதொரு விதியின்கீழ் சேர்ந்திருக்க முடிகிற நிலைதான் உரிமை என்பது அதன் சாரம். இந்தப் பார்வையில் விதி சுதந்திரத்தைக் குறைப்பதில்லை. விதியில்லாத கூடத்தில் எட்டுப் பேரில் ஒருவராலும் பாய்ச்சல் பழக முடியாது. எல்லாரும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டிவரும்.

ஆனால் விதியால் தீராத இடங்களும் உண்டு. விதிப்படி வழி தனக்கே உரியதென்றாலும், எதிரே நடுங்கும் கைகளோடு வரும் புதியவரைக் கண்டு உள்ளே ஒதுங்குவதை எந்த விதிப்பலகையும் கட்டாயமாக்க முடியாது. மெய்யியலாளர் ஆர்தர் ஷோப்பன்ஹவர் 1851-இல் எழுதிய முள்ளம்பன்றிக் கதை இங்கே பொருந்தும். குளிர்நாளில் கதகதப்புக்காக நெருங்கும் முள்ளம்பன்றிகள் முள் குத்தி விலகுகின்றன, குளிர் தாங்காமல் மறுபடி நெருங்குகின்றன, கடைசியில் தாங்கக்கூடிய ஒரு தூரத்தைக் கண்டுபிடிக்கின்றன. மனிதரிடையே அந்தத் தூரத்தின் பெயர் மரியாதை என்றார் அவர். அந்த மரியாதை சடங்காகவும் வரும்: வியன்னாவில் 1735-இல் கட்டி முடித்த அரண்மனைக் குளிர்காலச் சவாரிப் பள்ளியில் வீரர்கள் இன்றும் நுழைந்ததும் பேரரசர் ஆறாம் கார்லின் படத்துக்குத் தொப்பி எடுத்து வணங்குகிறார்கள். சாதாரணக் கூடத்தில் அந்த வணக்கம் முன்பின் தெரியாத பக்கத்துச் சவாரிக்காரருக்குப் போகிறது. இரண்டில் இதுவே கடினம்.

இதுவரை பேசியது மனிதரைப் பற்றி மட்டும். கட உபநிடதம் புலன்களைக் குதிரைகள் என்றது; பிளேட்டோவும் ஆன்மாவை இரு குதிரை பூட்டிய தேராகச் சொன்னார். இரண்டிலும் கடிவாளம் பிடித்துச் செலுத்த வேண்டியதன் உருவகமாகவே குதிரை வருகிறது. கூடத்துக் குதிரை உருவகம் அன்று. அது கூட்டமாக வாழும் பிராணி, ஆபத்து என்றால் ஓடிப் பிழைக்கும் பிராணி. கூரையில் சேர்ந்த பனி திடுமெனச் சரிந்து விழும் ஓசையில், நாள் முழுக்கக் கொட்டடியில் அடைபட்டிருந்த குதிரை துள்ளுகிறது. அதைப் பார்த்து அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. இடக்கைக்கு இடக்கை என்ற உடன்பாட்டில் இவை எதுவும் கையெழுத்திடவில்லை.

காண்ட் இங்கே தடுமாறுகிறார் என்றே சொல்ல வேண்டும். நெடுங்காலம் உழைத்த கிழக்குதிரைக்கு நன்றி காட்ட வேண்டும் என்று அதே நூலில் எழுதியவர், அந்தக் கடமை குதிரைக்குச் செய்வதன்று, மனிதன் தனக்குத்தானே செய்துகொள்வது என்று முடித்தார். ஆங்கில மெய்யியலாளர் ஜெரமி பெந்தம் அதற்கு முன்பே, 1789-இல், பிராணிக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்று கேட்காமல் அதற்கு வலிக்குமா என்று கேட்டிருந்தார். காண்டின் முடிவை ஷோப்பன்ஹவர் கடுமையாகத் தாக்கினார். தாக்கியவர் பக்கமே நியாயம் இருக்கிறது: அங்கவடியில் கால் வைத்து ஏறுபவரின் எடையைத் தாங்குவது குதிரையின் முதுகே அன்றி, அவருடைய ஒழுக்கம் அன்று.

ஜெர்மானியச் சட்டம் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. விலங்குகள் பொருள்கள் அல்ல என்று 1990-இல் உரிமையியல் சட்டத்தில் சேர்த்தார்கள். விலங்குப் பாதுகாப்பு 2002-இல் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. கூடத்தில் அதற்கு முன்பிருந்தே ஒரு வழக்கம் உண்டு. உதைக்கும் பழக்கமுள்ள குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டுவார்கள். காதைப் பின்னுக்கு மடக்கிக் குதிரை சொல்வதைப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த நாடா புரியும். அதைப் பார்த்தவர் தள்ளிப் போக வேண்டும். கட்டியவரோ அதோடு பொறுப்பு தீர்ந்ததென்று இருந்துவிட முடியாது. பொழுதுபோக்குக்காக வளர்க்கும் குதிரை யாரையாவது உதைத்தால், வளர்ப்பவர் எந்தத் தவறும் செய்யாதிருந்தாலும், இழப்பீடு கட்ட வேண்டியவர் அவரே.