காட்டும் உபகாரம்

புத்தகம் வாங்கும்போது பாவ புண்ணியம் பார்க்க வேண்டியதில்லை. பட்ஜெட்டில் பணமும் மூன்று கொட்டேஷனும் துறைத்தலைவர் கையெழுத்தும் இருந்தால் போதும். கழிக்கும்போதுதான் தர்மசங்கடம். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கொள்முதலும் மின்வளங்களும் என் பொறுப்பு என்பதால் கழிவுப் பட்டியலும் என் மேசைக்குத்தான் வருகிறது. ரைட்-ஆஃப் கமிட்டி கூடுவதற்கு முன் அடுக்குகளுக்குள் போய், பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். டிபேஸ், ஃபோர்ட்ரான் கையேடுகள், சிலபஸ் மாறியபின் யாரும் தொடாத பாடநூல்களின் ஏழெட்டுப் பிரதிகள் போவதில் எனக்கு உறுத்தல் இல்லை. ஆதீனம் ஒன்று வெளியிட்ட சைவ சித்தாந்த உரைநூல் கையில் வந்தபோதுதான் நின்றுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச்சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. வாங்கிய நாள்தொட்டு அதை ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

"மேடம், இதை எடைக்குப் போட்டா சரஸ்வதி சும்மா விடாது" என்றார் எங்கள் அட்டெண்டர். கீழே விழுந்த புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அடுக்கமாட்டார் அவர்.

"யாருமே படிக்கலையேண்ணே."

"அது புஸ்தகத்தோட குத்தமா?"

விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது விளையாட்டாக இல்லை. யாரும் படிக்காத நூலுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? கடன் என்றால் யாருக்கு? நூலுக்கா, எழுதியவருக்கா, இன்னும் வந்து சேராத வாசகருக்கா?

எங்கள் தொழிலின் ஆதிகுரு இதற்கு இரண்டு பதில் வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று மோதும். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல் பயன்பாட்டுக்கானது என்கிறது. அப்படியானால் பயன்படாத நூல் வெளியேறலாம். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்கிறது. அப்படியானால் அவர் வரும்வரை நூல் காத்திருக்க வேண்டும். பி.லிப். தேர்வில் ஐந்து விதிகளையும் வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாங்கள் எல்லோரும். அவற்றுக்குள் இப்படி ஒரு வழக்கு நடப்பதை அடுக்கின் முன் நின்றபோதுதான் பார்த்தேன்.

எண்களைக் கேட்டால் முதல் விதிதான் ஜெயிக்கும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1969-ல் வாங்கிய புத்தகங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று 1979-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. பெரிய சர்ச்சையாயிற்று. எனக்கு அதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. எங்கள் கணினியில் கோஹா என்ற நூலக மென்பொருளைத் திறந்து ரிப்போர்ட் எடுத்தால் நானும் அதையேதான் பார்ப்பேன்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-ல் நூலகங்களுக்கென்று ஒரு விதி இருக்கிறது, 215-ஆவது. ஆயிரம் புத்தகங்கள் புழங்கினால் ஆண்டுக்கு ஐந்து தொலைவது இயல்புதான் என்று அது ஏற்றுக்கொள்கிறது. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ போனால் மட்டும் விசாரணை உண்டு. அரசாங்கக் காகிதத்தில் இத்தனை கருணையான வாசகத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. புழங்கித் தொலைவதை மன்னிக்க விதி இருக்கிறது. புழங்காமலே அலமாரியில் செல்லரித்துப் போவதைக் கேட்பதற்குத்தான் விதி இல்லை. ஸ்டாக் வெரிஃபிகேஷனில் அது 'இருக்கிறது' என்றே டிக் வாங்கும்.

அட்டெண்டர் அண்ணனின் பக்திக்கும் இந்த டிக்குக்கும் ஓர் உறவு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்னால் அவர் வருத்தப்படுவார். நூலை மிதிக்கக் கூடாது, சரஸ்வதி பூஜையன்று சந்தனம் வைத்து அடுக்க வேண்டும், அன்றைக்கு மட்டும் படிக்கக் கூடாது: நம் மரியாதை எல்லாம் நூல் என்ற பொருள்மீது. அந்த மரியாதை எவ்வளவு உண்மையானதோ அவ்வளவு ஆபத்தானதும்கூட. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போன கதை தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். சிதைந்த பழஞ்சுவடிகளை ஆகமம் சொன்ன முறைப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இட்டுவிட்டோம் என்று அங்கே சொன்னார்கள். அதைப் படித்துவிட்டு அவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் சுவடியை அவமதிக்கவில்லை. குப்பையில் எறியவில்லை, எடைக்குப் போடவில்லை. தேவர்களுக்கு உரிய தீயில் சேர்த்தார்கள். பொருளுக்குச் செய்ய வேண்டிய மரியாதை ஒன்றுகூடக் குறையவில்லை. பின்னால் தேடி வரப்போகும் ஒருவர் மட்டும் அவர்கள் கணக்கில் இல்லை.

சமணர்கள் இதை வேறு இடத்திலிருந்து தொடங்கினார்கள். உணவு, அடைக்கலம், மருந்து என்ற தானங்களோடு சாத்திர தானத்தையும் அவர்கள் சேர்த்தார்கள். நூலை எழுதிக் கொடுப்பதும் அவர்களுக்குப் புண்ணியம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்துக் கொடுத்தார் என்பது வழக்கு. ஆயிரம் ஓலைப்படி! எத்தனை எழுத்தர், எத்தனை பனையோலை, எவ்வளவு கூலி என்று கொள்முதல்காரியாகிய என் மனம் உடனே கணக்குப் போடுகிறது. 1999-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் தொடங்கிய லாக்ஸ் திட்டத்துக்கும் இதே புத்திதான். மின்னிதழ்களின் படிகளைப் பல நூலகங்கள் தம்தம் கணினியில் வைத்திருக்கும். அந்தக் கணினிகள் அவ்வப்போது தங்களுக்குள் ஒப்பிட்டு, ஒன்றில் பழுது வந்தால் மற்றவற்றைக் கொண்டு சரிசெய்துகொள்ளும். இதில் எந்தப் படியும் புனிதமில்லை. ஏதாவது ஒரு படி எங்காவது இருந்தாக வேண்டும், அவ்வளவே.

என் வேலையின் மறுபாதியைப் பற்றி இப்போது சொல்லலாம். மின்வளத்தில் கண்ணில் ஒற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அக்சஷன் எண் இல்லை, முத்திரை இல்லை, செல்லும் அரிக்காது. ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். சிறிய ஊர்க் கல்லூரி மாணவியும் ஐ.ஐ.டி. மாணவரும் ஒரே கட்டுரையைத் திறக்கிறார்கள் என்பதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். இதழ் கிடைக்காமல் எழுதியவருக்கே மெயில் போட்டுக் கெஞ்சிய தலைமுறை நான். ஆனால் சந்தா என்பது சந்தாதான். பொதுவாக அதில் நாம் வாங்குவது குறிப்பிட்ட காலத்துக்குத் திறந்து பார்க்கும் உரிமை.

இந்தத் திட்டத்துக்கெல்லாம் முன்பு, நிதி வராத ஓராண்டில் நாங்களே நேரடியாகக் கட்டிவந்த ஒரு தொகுப்பை நிறுத்தினோம். புது இதழ்கள் நிற்கும் என்று தெரியும். பணம் கட்டியிருந்த பழைய ஆண்டுகளும் சேர்ந்து மூடிக்கொண்டன. "மேடம், போன மாசம் இருந்துச்சே!" என்று ஓர் ஆய்வு மாணவி வந்து நின்றாள். என்ன சொல்ல? அச்சிதழ் காலத்தில் சந்தாவை நிறுத்தினால் பைண்டு செய்த பழைய தொகுதிகள் அலமாரியில் அப்படியே இருக்கும். 2019 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் நூல்களும் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கணக்கில் குறையில்லை. கரிவலம்வந்தநல்லூரில் நெய்யாவது இருந்தது.

பயன்பாட்டுக் கணக்கும் இங்கே விசித்திரமானது. கவுண்டர் என்ற சர்வதேச நெறிமுறைப்படி பதிப்பகங்கள் எங்களுக்கு அறிக்கை தருகின்றன. ஒரே ஆள் ஒரே கட்டுரையை 30 விநாடிக்குள் இருமுறை சொடுக்கினால் அது ஒன்றாகத்தான் எண்ணப்படும். எவ்வளவு நுணுக்கம்! அந்த 30 விநாடிக்கு அப்புறம் அவர் படித்தாரா, பென்டிரைவில் போட்டு மறந்தாரா என்பது எந்தக் கட்டத்திலும் வராது. தேதிச்சீட்டு முத்திரையும் அப்படித்தான், எடுத்துப்போனதற்குச் சாட்சியே தவிரப் படித்ததற்கு அல்ல. வைத்திருப்பதை வைத்தும் அறிவை அளக்க முடியவில்லை, புழக்கத்தை வைத்தும் முடியவில்லை.

அந்த உரைநூலைக் கழிக்கும் முன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன் (முதல் முத்திரை என்னுடையது). சித்தாந்தத்தில் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டு சொல்வார்கள். கண் தானாகக் காணாது. உயிர் அதற்குக் காட்டி, உடன் நின்று தானும் காண வேண்டும். அதுபோல உயிரும் தானாக அறிந்துவிடாது. இறைவன் அதற்கு அறிவித்து, கூட இருந்து அறிகிறான். நூலகத்தை இறைவன் இடத்தில் வைக்கிறாளே என்று ஓதுவார்கள் யாரும் கோபிக்க வேண்டாம். நான் எடுத்துக்கொள்வது பாதியை மட்டும்தான். உடன் நின்று காண்பது எங்களால் ஆகாது, காட்ட முடியும். அதுவும் கேட்டவருக்கு, கேட்ட அன்றைக்கு. கேட்கும் நாள் நாற்பது ஆண்டு கழித்தும் வரலாம்.

இப்படிப் பார்க்கத் தொடங்கியபின் கழிவுப் பட்டியலில் என் கேள்வி மாறிவிட்டது. எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது இரண்டாவது. நாங்கள் விட்டால் வேறு யாராவது காட்டுவார்களா என்பது முதலாவது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்கு வந்திருக்கிறதா, தமிழ் மின்னூலகத்தில் ஏறியிருக்கிறதா, ரோஜா முத்தையா நூலகத்தில் உண்டா என்று தேடுகிறேன். கோட்டையூரில் ஒரு தனி மனிதர், கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீஸும்கூட விடாமல் சேர்த்தது அது. அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் கைகொடுத்து 1994-ல் ஆய்வு நூலகமாயிற்று. தேதிச்சீட்டை அளவுகோலாக்கியிருந்தால் அந்த வீட்டில் எது தேறியிருக்கும்? வேறெங்கும் இல்லையென்றால் நூல் எங்களிடமே இருக்கும். வாசகர் இல்லாவிட்டாலும் இருக்கும். இரண்டு இடத்தில் பத்திரமாக இருந்தால் போகலாம். அந்த உரைநூல் இரண்டு இடத்தில் இருந்தது. போய்விட்டது. எடைக்கு அல்ல, ஒரு மடத்து நூலகம் கேட்டு வாங்கிக்கொண்டது. அட்டெண்டர் அண்ணனுக்குப் பாதி சமாதானம்.

மின்வளத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விற்பவர். ஒரே சந்தா திட்டத்துக்குள் வராத ஒரு மின்னூல் தொகுப்புக்காகப் பதிப்பகத்தின் பிரதிநிதி வந்திருந்தார். சந்தா நின்றபிறகும் கட்டிய ஆண்டுகளுக்கான அணுக்கம் வேண்டும், படியை மூன்றாம் இடம் ஒன்றில் காப்பில் வைக்க வேண்டும் என்றேன்.

"பிளாட்ஃபார்ம் எப்பவும் இருக்கும் மேடம்."

"நாங்க நிறுத்திட்டா?"

"நீங்க ஏன் மேடம் நிறுத்தப் போறீங்க?"

அந்த நிபந்தனையைத் தனிப் பத்தியாக எழுதிக் கோப்பை நிதிப் பிரிவுக்கு அனுப்பினேன். இதனால் விலை கூடுமா என்று ஓரத்தில் கேட்டு அது திரும்பி வந்தது. கூடும் என்று எழுதி மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.